மார்மோசெட் வாங்கும் யோசனையா? முதலில் இந்தத் தவறுகளைப் பாருங்கள்

ரீல்ஸில் மார்மோசெட்டைப் பார்த்துவிட்டு, "உள்ளங்கை அளவுதானுங்க, அணில் மாதிரி வளர்த்துக்கலாம்" என்று சொல்பவர்களைக் கோவை, திருப்பூர் பக்கம் பார்க்க முடிகிறது. எடை கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், சரி. ஆனால் அது குரங்கு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 வருஷத்துக்கு மேல் இருக்கும்.

பெரிய தவறு சாப்பாட்டில்தான் நடக்கிறது. குரங்கென்றால் வாழைப்பழம் என்று நமக்குப் பழகிவிட்டது. (மருதமலைக் குரங்குகளுக்கு நாம் நீட்டுவதும் தப்புதான், அது வேறு கதை.) வடகிழக்கு பிரேசிலைச் சேர்ந்த 'சாதாரண மார்மோசெட்' என்கிற இனத்துக்கு மரப்பிசின்தான் முக்கிய உணவு. கூரிய நகங்களால் மரத்தைப் பற்றிக்கொண்டு, கீழ்ப்பல்லால் பட்டையைக் குடைந்து, கசியும் பிசினை நக்கும். கூடவே பூச்சி, பல்லி, கொஞ்சம் பழம். பூச்சியில் குறைகிற கால்சியம் பிசினில் கிடைத்துவிடும். காங்கேயம் கொறங்காட்டில் (மேய்ச்சல் காடு) வெள்வேல மரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பிசின் புதிதில்லை. விவரம் தெரிந்தவர்கள் வேலம்பிசினைக் கரைத்து, கட்டையில் துளை போட்டு ஊற்றி வைப்பார்கள். வெறும் ஆப்பிள், வாழை என்று ஓட்டினால் எலும்பு நொய்ந்துபோகும்.

எலும்புக்கு இன்னொரு எதிரி நிழல். இவற்றுக்கு வைட்டமின் டி2 அவ்வளவாகப் பயன்படாது, வெயில் பட்டால் தோலில் உருவாகும் டி3 வேண்டும். நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம் என்று ஜன்னலோரம் கூண்டை வைத்துவிடுவார்கள். தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதற்காகச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்துவிடாதீர்கள். ஒதுங்க நிழலும் இருக்க வேண்டும்.

ஒற்றைக் குட்டி வாங்குவதும் தவறு. பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள்தான் பிறக்கும். அப்பனும் அண்ணன் அக்காக்களும் மாறி மாறிச் சுமப்பார்கள். அப்படி வளர வேண்டியதைப் பிரித்து வந்து பாட்டிலில் பால் கொடுத்தால், வளர்ந்த பிறகு கடிக்கத்தான் செய்யும்.

உங்கள் உதட்டோரம் கொப்புளம் இருந்தால் கிட்டேயே போகாதீர்கள். அந்த ஹெர்பீஸ் கிருமி நமக்குச் சில நாள் தொல்லை, மார்மோசெட்டுக்கு உயிரே போகும்.

கடைசியாகப் பேப்பர். மார்மோசெட் எல்லாமே சைட்டிஸ் (வன உயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி, வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தாய்லாந்திலிருந்து பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்தவை சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கின்றன. "பேப்பர் அப்புறம் வந்துருமுங்க" என்று விற்பவர் சொன்னால், அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.