குடல் நோய் இருக்கிறவர்கள் வாய் விஷயத்தில் செய்யும் தவறுகள்

"வயித்துல புண்ணு இருந்தா வாயில தெரியும்" என்று எங்கள் மஞ்சக்குப்பத்துப் பாட்டிகள் சொல்வார்கள். குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற நீண்டநாள் குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்களுக்கு இது ஓரளவு உண்மை. குடல் அழற்சி கிளம்பும்போது சிலருக்கு உதட்டின் உள்பக்கமும் நாக்கோரமும் புண்ணாகும். குரோன்ஸில் சிலருக்கு உதடே தடித்துப்போகும். அதை உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரையோடு விட்டுவிடுகிறோம். கீரை இருக்கட்டும், குடல் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

அடுத்த தவறு, வாய்ப்புண் என்றதும் பி-காம்ப்ளெக்ஸ் வைட்டமின் மாத்திரையை நாமாகப் போடுவது. பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். குரோன்ஸ் அதிகம் தாக்குவதும் அங்கேதான். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் நாக்கு வழவழத்து எரியும். எது குறைகிறது என்று ரத்தப் பரிசோதனை செய்யாமல் மாத்திரையை விழுங்கிப் பயனில்லை. பி12 சிலருக்கு ஊசியாகத்தான் போட வேண்டியிருக்கும்.

நான் பட்டது பல்வலியில். ராத்திரி ஒன்பது மணிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடையில் 'வலிக்கு ஒண்ணு' கேட்டேன். அட்டையில் பாரசிட்டமால் என்று இருந்ததைப் பார்த்துத் தைரியமாகப் போட்டேன். அதற்கு மேலேயே பொடி எழுத்தில் அசெக்ளோஃபெனாக். நாலாம் நாள் மலத்தில் ரத்தம். மாத்திரையால்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் குடல் அழற்சியைக் கிளப்பக்கூடியவை. வெறும் பாரசிட்டமால்தானா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஆன்டிபயாடிக்கையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள், பேதி மோசமாகலாம்.

பல் டாக்டரிடம் "வயித்துக்கு மாத்திரை சாப்பிடுறேன்" என்றால் அவர் கேஸ் மாத்திரை என்று நினைத்துக்கொள்வார். இவை எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள்; அசதயோபிரின், பிரட்னிசோலோன் (இது ஸ்டீராய்டு), இன்ஃப்ளிக்ஸிமாப் என்று பேரைச் சொல்லுங்கள். சீட்டைப் போனில் படமெடுத்து வைத்தால் போதும். பல் பிடுங்கப் பயந்து ஸ்டீராய்டை நாமாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஸ்டீராய்டு எடுக்கும்போது நாக்கில் தயிர் படிந்த மாதிரி வெள்ளை ஒட்டினால் அது பூஞ்சையாக இருக்கலாம், அழுத்தி வழித்தால் தீராது.

பேதி நாட்களில் இனிப்புச் சோடாவையும் ஜூஸையும் நாள் முழுக்க உறிஞ்சினால் சொத்தை வரும். உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்தாலும் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிடுங்கள்.

எல்லாப் புண்ணையும் குடல் கணக்கிலேயே எழுதவும் வேண்டாம். இரண்டு வாரம் ஆறாத புண், புகையிலை போடுகிறவராக இருந்தால் இன்னும் சீக்கிரமாகவே, டாக்டர் கண்ணில் பட வேண்டும்.