பனிப்புயலைக் கணிக்க வானிலை மாதிரிகளை எந்த வரிசையில் படிப்பது

வாஷிங்டனில் தொடங்கி பால்டிமோர், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் வழியாக பாஸ்டன் வரை நீளும் அமெரிக்கக் கிழக்குக் கரையோரத்துக்குப் பெரும் பனிப்பொழிவைக் கொண்டுவருவது, பெரும்பாலும், கடற்கரையை ஒட்டி வடகிழக்கே நகரும் தாழ்வழுத்தச் சுழலான நார்ஈஸ்டர்தான். இந்தச் சுழல் ஐம்பது மைல் கிழக்கே தள்ளிப் போனால் ஒரு நகரம் தப்பிவிடும். ஐம்பது மைல் மேற்கே வந்தால் அதே நகரத்தில் பனி மழையாக மாறிவிடும். ஆகவே எவ்வளவு பனி விழும் என்று ஓர் எண்ணைச் சொல்வதைவிட, பனிப்பரப்பின் விளிம்பு எங்கே அமையும், அது எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் நகரக்கூடும் என்று கண்டறிவதே இங்கு முன்கணிப்பின் உயிர்நாடி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வரைபடங்களைக் கொண்டு ஆர்வமுள்ள எவரும் இதை ஓரளவு நன்றாகவே செய்ய முடியும். அதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும்: வண்ணம் தீட்டிய பனி அளவு வரைபடத்தைக் கடைசியாகத்தான் திறக்க வேண்டும். எல்லோரும் முதலில் திறப்பது அதைத்தான். பிழைகள் தொடங்குவதும் அங்கேதான்.

வளிமண்டலம் அடுத்து எப்படி மாறும் என்று கணக்கிடும் கணினி நிரல்களான மாதிரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலகம் முழுவதையும் கணக்கிடும் மாதிரிகளில் முதன்மையானவை இரண்டு: அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், இங்கிலாந்தின் ரெடிங் நகரில் தலைமையகம் கொண்ட ஈசிஎம்டபிள்யூஎஃப் நிறுவனத்தின் ஐரோப்பிய மாதிரி. முன்னது ஏறத்தாழ 13 கிலோமீட்டர் இடைவெளியிலும் பின்னது 9 கிலோமீட்டர் இடைவெளியிலும் வளிமண்டலத்தைக் கணக்கிடுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையை நோக்கி வரும் புயல்களின் பாதையைப் பார்ப்பவர்களுக்கு இவ்விரு பெயர்களும் பழகியவையே. கடைசி ஒன்றரை நாளுக்கு, 3 கிலோமீட்டர் இடைவெளியில் ஒவ்வொரு மணி நேரமும் புதுப்பிக்கப்படும் ஹெச்ஆர்ஆர்ஆர் என்னும் அமெரிக்க மாதிரி துணை நிற்கும். மாதிரிகளின் கணக்கீடுகள், அதாவது ஓட்டங்கள், உலகப் பொது நேரப்படி 00, 06, 12, 18 மணிகளில் தொடங்குகின்றன. நியூயார்க்கின் குளிர்கால நேரத்தில் அவை மாலை 7, நள்ளிரவுக்குப் பின் 1, காலை 7, பிற்பகல் 1. உலகெங்கும் வானிலை பலூன்கள் 00, 12 மணிகளை ஒட்டியே ஏவப்படுவதால், அந்த இரண்டு ஓட்டங்களை மட்டும் ஒழுங்காகப் பின்தொடர்ந்தாலே போதும் என்பது என் கருத்து. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வரைபடம் பார்ப்பவருக்குத் தகவலைவிடப் பதற்றமே கூடுதலாகக் கிடைக்கும்.

ஒரு வாரம் முன்பு: மேலடுக்கைப் பாருங்கள்

புயலுக்கு ஐந்து முதல் ஏழு நாட்கள் இருக்கும்போது தரைமட்ட வரைபடத்துக்கு அதிக மதிப்பில்லை. 500 மில்லிபார் வரைபடத்தை, அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்றோட்டத்தை, முதலில் பார்க்க வேண்டும். மேற்குக் கரையில் அழுத்த முகடு (காற்றோட்டம் வடக்கே வளையும் இடம்) ஒன்று உயர்ந்து நின்று, அதற்குக் கிழக்கே ஆழமான பள்ளம் (தெற்கே வளையும் இடம்) ஒன்று தெற்கு மாநிலங்கள் வரை இறங்கினால், கடற்கரையில் சுழல் உருவாக இடமுண்டு. கிரீன்லாந்துக்கு மேலே காற்றோட்டத்தைத் தடுக்கும் உயரழுத்தம் நின்றால், அதாவது வட அட்லாண்டிக் அலைவு எதிர்மறையாக இருந்தால், சுழல் விரைந்து கடலுக்குள் ஓடிவிடாமல் கரையோரமாகத் தங்க வாய்ப்பு அதிகம். இவற்றுடன் கனடாவின் கியூபெக் பகுதியில் குளிர்ந்த உயரழுத்தம் ஒன்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கிருந்து அப்பலாச்சியன் மலைகளின் கிழக்கு அடிவாரம் வழியாக இறங்கும் குளிர்காற்று இல்லையென்றால், எவ்வளவு வலுவான சுழலும் நியூயார்க்கில் வெறும் மழையாக முடியும்.

இந்தக் கட்டத்தில் தனி ஓட்டம் ஒன்றை நம்பக் கூடாது. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, அதே மாதிரியைப் பலமுறை ஓட்டிப் பெறும் குழுமக் கணிப்புகளைத்தான் பார்க்க வேண்டும். ஐரோப்பியக் குழுமத்தில் 51 கணிப்புகளும் அமெரிக்கக் குழுமத்தில் 31 கணிப்புகளும் உள்ளன. இவற்றின் சராசரியைவிட, ஒவ்வொரு கணிப்பும் சுழலின் மையத்தை எங்கே வைக்கிறது என்று புள்ளிகளாகக் காட்டும் வரைபடமே கூடுதலாகச் சொல்லும். புள்ளிகள் ஒரே கூட்டமாகத் திரண்டிருந்தால் நம்பிக்கை கூடும். கரோலினாக் கரையில் ஒரு கூட்டமும் நடுக்கடலில் மற்றொரு கூட்டமுமாகப் பிரிந்திருந்தால், சராசரி இரண்டுக்கும் நடுவே, எந்தக் கணிப்பும் சொல்லாத ஓர் இடத்தைக் காட்டும். அப்போது இரண்டு வாய்ப்புகளையும் தனித்தனியே குறித்துக்கொள்வதே முறை.

மூன்று நாட்கள் முன்பு: பாதையும் போக்கும்

நாற்பது பாகை வடக்கு, எழுபது பாகை மேற்கு என்னும் கடற்புள்ளியை இப்பகுதி முன்கணிப்பாளர்கள் அளவுகோலாகக் கொள்வது வழக்கம். நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே உள்ள அந்தப் புள்ளியின் அருகே வலுவான சுழல் கடந்தால், நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் கனத்த பனி கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. அதற்கு மேற்கே, கரையைத் தழுவிச் சென்றால், கடலின் வெப்பக்காற்று நகரங்களுக்குள் புகுந்து பனியை மழையாக்கும். வெகு கிழக்கே சென்றால் பனி கடலோடு போய்விடும்.

ஓர் ஓட்டத்தில் சுழல் 30 மைல் நகர்ந்ததைப் பொருட்படுத்த வேண்டாம்; தொடர்ந்து மூன்று நான்கு ஓட்டங்களில் ஒரே திசையில் நகர்ந்தால் அதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். நகர்ந்ததற்கான காரணத்தை மீண்டும் 500 மில்லிபார் வரைபடத்தில் தேடுங்கள். புயலுக்கு விதையாகும் மேலடுக்குச் சிற்றலை, அதாவது காற்றோட்டத்தில் நகரும் சிறு வளைவு, பசிபிக் பெருங்கடலுக்கு மேலே இருக்கும்வரை அதை அளக்கும் பலூன்கள் மிகக் குறைவு. செயற்கைக்கோள்களும், சில வேளைகளில் விமானங்களிலிருந்து இறக்கப்படும் கருவிகளும்தான் அந்தக் குறையை நிரப்புகின்றன. சிற்றலை வட அமெரிக்கக் கரையைக் கடந்து பலூன் வலைக்குள் வந்த பிறகு மாதிரிகள் ஒரு முடிவை நோக்கிக் குவியத் தொடங்கினால், அந்தக் குவிதலுக்கு மதிப்புக் கொடுக்கலாம்.

சுழலின் பிறப்பிடமும் நம்பகத்தன்மையை மாற்றும். மெக்சிகோ வளைகுடாப் பக்கம் உருவாகி முழு வடிவத்துடன் கரையோரமாக ஏறிவரும் சுழலைக் கணிப்பது ஒப்பீட்டளவில் எளிது. உள்நாட்டிலிருந்து வரும் சுழல் ஒன்று தேய்ந்து, அதன் ஆற்றல் கடற்கரைக்கு அப்பால் புதிய சுழலாக உருவெடுக்கும் வகை மிகவும் கடினமானது. ஏனென்றால் புதிய மையம் சில மணி நேரம் தாமதித்தோ சிறிது கிழக்கே தள்ளியோ பிறந்தால் எல்லாமே மாறிவிடும்.

2015 ஜனவரி 26, 27 தேதிகளில் நடந்தது அதுதான். கனடாவின் ஆல்பர்ட்டாப் பக்கமிருந்து இறங்கிய சுழல் கடற்கரைக்கு அப்பால் புதிதாக வலுப்பெற்றது. ஐரோப்பிய மாதிரி நியூயார்க் நகருக்கு இரண்டு அடி அளவில் பனியைக் காட்டியது. 2012-இல் சாண்டி புயல் இடப்பக்கம் திரும்பிக் கரையேறும் என்பதை முன்கூட்டியே காட்டிய மாதிரி என்பதால் அதன் சொல்லுக்குப் பெருமதிப்பு இருந்தது. சில நாட்களுக்கு முன்புதான் மேம்படுத்தப்பட்டிருந்த ஜிஎஃப்எஸ் சுழலைக் கிழக்கே தள்ளி, நகருக்குக் குறைவான பனியையே காட்டியது. அதிகாரபூர்வ முன்கணிப்பு 20 முதல் 30 அங்குலம் என்றது. பனிக்காக நியூயார்க் சுரங்க ரயில் அதன் வரலாற்றிலேயே முதல் முறையாக நிறுத்தப்பட்டது. கடைசியில் நகரின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் விழுந்தது 9.8 அங்குலம். அங்கிருந்து ஏறத்தாழ 50 மைல் கிழக்கே, லாங் ஐலண்டின் ஐஸ்லிப்பில் 24.9 அங்குலமும், பாஸ்டனில் 24 அங்குலத்துக்கு மேலும் விழுந்தன. புயல் வந்தது, வலுவாகவே வந்தது. அதன் மேற்கு விளிம்பு எங்கே என்பதில்தான் கணிப்பு தவறியது. ஐரோப்பிய மாதிரியை நம்பக் கூடாது என்பதல்ல இதன் பாடம். பனிப்பட்டையின் விளிம்பில் நிற்கும் நகரத்துக்கு, எந்த மாதிரி சொன்னாலும், அகலமான வீச்சைத்தான் தர வேண்டும்.

ஓராண்டு கழித்து, 2016 ஜனவரி 22 முதல் 24 வரை வீசிய புயலில், வாஷிங்டன் பெரும் பனியில் புதையும் என்பதில் மாதிரிகள் பல நாட்களுக்கு முன்பே ஒன்றுபட்டன. நியூயார்க் இம்முறை வடக்கு விளிம்பில் இருந்தது. புயல் நெருங்க நெருங்க நகருக்கான கணிப்பு உயர்த்தப்பட்டது. சென்ட்ரல் பார்க்கின் இறுதி அளவான 27.5 அங்குலம் அந்த இடத்தின் வரலாற்றிலேயே மிக உயர்ந்தது. அதே நகரம், அதே விளிம்பு நிலை, நேர்மாறான முடிவு.

பனியா, மழையா, இரண்டுக்கும் இடைப்பட்டதா

850 மில்லிபாரில், அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில், சுழியப் பாகைக் கோடு எங்கே ஓடுகிறது என்பதும், 1000 முதல் 500 மில்லிபார் வரையிலான அடுக்கின் தடிமன் 5400 மீட்டருக்குக் கீழே உள்ளதா என்பதும் முதல் கட்டச் சோதனைகள். இவற்றோடு நிறுத்திவிடுவது ஆபத்து. உங்கள் ஊருக்கான செங்குத்து வெப்பநிலை வரைபடத்தைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு அடுக்காகப் படியுங்கள் (மில்லிபார் எண் குறையக் குறைய உயரம் கூடும்).

எடுத்துக்காட்டாக, 925 மில்லிபாரில் −3, 850-இல் −1, 750-இல் +2, 700-இல் −1 பாகை செல்சியஸ் என்று வரைபடம் காட்டுவதாகக் கொள்வோம். தரையும் 850-உம் குளிராக இருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவர் பனி என்று முடிவு செய்வார். ஆனால் 750-ஐ ஒட்டி நீண்டிருக்கும் அந்த வெப்ப மூக்கு, விழும் பனிச் செதில்களைப் பாதி உருக்கிவிடும். கீழே உள்ள குளிரடுக்கில் அவை மீண்டும் உறைந்து, தரையைச் சேரும்போது சிறு பனிக்கட்டித் துகள்களாகவே விழும். வெப்ப மூக்கு +3 பாகையைத் தாண்டினால் செதில்கள் முழுவதும் உருகிவிடும். தரை உறைநிலைக்குக் கீழே இருந்தால், விழும் துளிகள் மின்கம்பிகளிலும் சாலைகளிலும் பட்டவுடன் உறையும். ஒரே ஓட்டம் காட்டும் மூன்று வேறு புயல்கள் இவை. 850 மில்லிபாரை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே வராது.

தரைக்கு அருகே வெப்பநிலை +2 பாகையாக இருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். காற்று வறண்டிருந்தால் பனி ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். அப்போது பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலையை, அதாவது இந்த ஆவியாதலால் காற்று எந்த வெப்பநிலை வரை குளிரக்கூடும் என்பதை. அது சுழியத்துக்குக் கீழே இருந்தால், மழையாகத் தொடங்குவதும் பனியாக மாற வாய்ப்புண்டு.

எவ்வளவு விழும்

இப்போதுதான் அளவுக்கு வருகிறோம். மாதிரி உண்மையில் கணிப்பது நீரின் அளவை. பனியின் உயரம் அதிலிருந்து பெறப்படுவது. 25 மில்லிமீட்டர் நீருக்குப் பத்துக்கு ஒன்று என்னும் விகிதத்தில் 25 சென்டிமீட்டர் பனி கிடைக்கும். உறைநிலையை ஒட்டிய ஈரப்பனியில் விகிதம் ஆறாகக் குறைந்தால் அதே நீர் 15 சென்டிமீட்டர்தான் தரும். குளிர்ந்த உலர்பனியில் பதினைந்தாக உயர்ந்தால் 37 சென்டிமீட்டரைத் தாண்டும். பல இணையதளங்களின் பனி வரைபடங்கள் பத்து என்னும் விகிதத்தை எல்லா இடத்துக்கும் ஒன்றுபோல் பயன்படுத்துகின்றன. பனிக்கட்டித் துகள்களையும் பனியாகவே எண்ணிவிடுபவையும் உண்டு. அவற்றைக் கடைசியில் திறக்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

விகிதத்தைத் தீர்மானிக்க, −12 முதல் −18 பாகை வரையிலான அடுக்கைக் கவனியுங்கள். விரிந்த கிளைகள் கொண்ட செதில்கள் சிறப்பாக வளர்வது அங்கேதான். காற்று வலுவாக மேலெழும் பகுதி அந்த அடுக்கோடு பொருந்தினால் பனி வேகமாகக் குவியும். 700 மில்லிபாரில் வெப்பமும் குளிரும் நெருக்கப்படும் இடத்தை, வழக்கமாகச் சுழலின் வடமேற்கில், குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு இரண்டு மூன்று அங்குலம் கொட்டும் பட்டைகள் அங்கே அமையும். அந்தப் பட்டையின் இரு பக்கத்திலும் காற்று கீழிறங்குவதால், சில மைல் தொலைவில் பொழிவு பாதியாகக் குறையலாம்.

கடைசி பன்னிரண்டு மணி நேரம்

இந்த நேரத்தில் மாதிரியைவிடக் கண்முன் நடப்பதற்கே முதலிடம் கொடுக்க வேண்டும். ஹெச்ஆர்ஆர்ஆர் மாதிரியின் கணிப்பு ரேடாரை எந்த இடத்தில் பின்பற்றுகிறது, எங்கே விலகுகிறது என்று மணிக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். கடல் மிதவைகள் காட்டும் அழுத்தம், மாதிரி அதே நேரத்துக்குச் சொன்ன அழுத்தத்தைவிடக் குறைவாக இருந்தால், சுழல் எதிர்பார்த்ததைவிட வேகமாக வலுப்பெறுகிறது அல்லது அந்த மிதவைக்கு அருகே வருகிறது என்று பொருள். ரேடாரில் பொழிவு தெரிந்தும் தரையில் ஒன்றும் விழவில்லையென்றால், இடையில் உள்ள வறண்ட காற்று அதை விழுங்குகிறது. விளிம்பில் உள்ள ஊர்களில் இது பல மணி நேரம் நீடித்து மொத்த அளவையே குறைத்துவிடும்.

கணிப்பை எழுதும்போது நடு எண்ணோடு கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் தவறாமல் எழுதுங்கள். “8 முதல் 12 அங்குலம் எதிர்பார்க்கப்படுகிறது, சுழல் கிழக்கே விலகினால் 4, மேற்கே நெருங்கினால் 18” என்று எழுதினால், எதைக் கண்காணிக்க வேண்டும் என்பதும் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். கடும் பனிப்புயல் என்ற சொல்லையும் அளந்தே பயன்படுத்த வேண்டும்: காற்று மணிக்கு 35 மைலுக்குக் குறையாமலும், பார்வைத்தூரம் கால் மைலுக்குக் கீழாகவும் மூன்று மணி நேரமாவது நீடித்தால்தான் அமெரிக்க வானிலைச் சேவை அவ்வாறு வகைப்படுத்தும். பள்ளி, விமானம், மருத்துவமனைப் பயணம் போன்ற முடிவுகளுக்கு அந்தச் சேவையின் எச்சரிக்கைகளையே பின்பற்றுங்கள். உங்கள் கணிப்பு அவற்றைப் புரிந்துகொள்ள உதவும்.

புயல் ஓய்ந்ததும் அளக்காமல் விடாதீர்கள். காற்று நேரடியாகத் தாக்காத இடத்தில் வெள்ளை வண்ணம் பூசிய பலகை ஒன்றை முன்கூட்டியே வைத்து, அதன்மேல் சேர்ந்த பனியை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். பனி தன் எடையாலேயே அமுங்கும் என்பதால் காலம் தாழ்த்த வேண்டாம். அளப்பது தேர்ந்தவர்களுக்கே எளிதல்ல. சென்ட்ரல் பார்க்கின் 2016 அளவு முதலில் 26.8 அங்குலம் என்று அறிவிக்கப்பட்டு, மறு ஆய்வுக்குப் பிறகே 27.5 ஆனது. கொலராடோவில் 1998-இல் தொடங்கி இன்று நாடெங்கும் பரவியுள்ள கோகோராஸ் தன்னார்வலர் வலையமைப்பின் அளவுகளோடு உங்களுடையதை ஒப்பிட்டு, பனிப்பரப்பின் உண்மையான விளிம்பை வரைபடத்தில் வரையுங்கள். அதன்மேல் புயலுக்கு மூன்று நாள், இரண்டு நாள், ஒரு நாள் முன்பு ஒவ்வொரு மாதிரியும் காட்டிய விளிம்பைப் பொருத்திப் பார்த்தால், உங்கள் ஊருக்கு எந்த மாதிரி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது சில குளிர்காலங்களில் பிடிபடத் தொடங்கும்.