பெல்பாட்டம், நாய்க்காது காலர், ஸ்டெப் கட்டிங்: பெங்களூர்ல 70ஸ் கெட்டப் போடறது எப்படி

ஆபீஸ்ல ரெட்ரோ டே, அபார்ட்மெண்ட்ல நியூ இயர் பார்ட்டி, யாரோட சங்கீத்துக்கோ தீம்னு எங்கிருந்தாவது "70ஸ்"னு ஒரு மெயில் வந்துடுது. உடனே நம்ம ஆளுங்க வாடகை காஸ்ட்யூம் கடைக்கு ஓடி ஒரு வானவில் கலர் ஆஃப்ரோ விக், கழுத்துல பீஸ் சிம்பல் டாலர், பிளாஸ்டிக் கூலிங் கிளாஸ் மூணையும் மாட்டிட்டு வந்து நிப்பாங்க. அத 70ஸ்னு சொன்னா எங்க மாமா அடிக்கவே வருவாரு. நம்ம 70ஸ் எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்னா வீட்டு ஆல்பத்த எடுங்க, ஹெச்ஏஎல், ஐடிஐ, எச்எம்டின்னு பெங்களூர் அரசு ஃபேக்டரிங்களுக்கு வேலைக்கு வந்து அல்சூர் பக்கம் செட்டில் ஆன பெரியப்பா, மாமா எல்லாம் ஸ்டுடியோல ஒரு கைய இடுப்புல வச்சு நிப்பாங்க பாருங்க, அந்த போட்டோ தான் நமக்கு சிலபஸ். அதுல விக்கும் இல்ல டாலரும் இல்ல. முட்டிகிட்ட வரைக்கும் புடிச்சுக்கிட்டு அதுக்குக் கீழ விரியற பேண்ட், தோள் வரைக்கும் போற காலர், காத மூடின முடி, அவ்ளோதான். எல்லாமே கட்டிங்ல இருக்கு, அதனால செலவும் நேரமும் அங்க போடுங்க, மத்த சாமான் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

ஸ்டெப் 1: எந்த வருஷம்னு முடிவு பண்ணுங்க

முன்னாடி ப்ளீட் (மடிப்பு) வச்ச தொளதொள பேகி பேண்ட், ஆசிட் வாஷ் ஜீன்ஸ், பின்னாடி மட்டும் நீளமா விட்ட பங்க் தலை இதெல்லாம் 80ஸ், 90ஸ் ஆரம்பம். பெல்பாட்டம்கூட இதுல எதையும் சேக்காதீங்க. ரெஃபரன்ஸ் வேணும்னா 1979-ல வந்த நினைத்தாலே இனிக்கும் பாருங்க, கமலும் ரஜினியும் மேடைல பாடற குழுவா வர்ற படம், பாதிக்கு மேல சிங்கப்பூர், ஒரே படத்துல காலர், பெல், முடி மூணுமே நிறுத்தி நிறுத்தி பாத்துக்கலாம்.

ஸ்டெப் 2: மொதல்ல செருப்பு

ஆமா, செருப்பு தான் மொதல்ல. எல்லாரும் கடைசில வாங்குவாங்க, அதான் பேண்ட் நீளம் சொதப்புது. பெல்பாட்டம் அடி ஓரம் தரைல இருந்து அரை இன்ச் மேல நிக்கணும், ஷூ முக்கால்வாசி மறையணும். ரெண்டு இன்ச் ஹீல் இருக்கற ஷூ போட்டா பேண்ட்டும் அதுக்கேத்த மாதிரி நீளமா இருக்கணும். அதனால ஹீல் வாங்கிட்டு அதப் போட்டுக்கிட்டே டைலர் கடைக்குப் போங்க. கான்வாஸ் ஷூ தான் போடப் போறீங்கன்னா அதோடயே போய் அளவு குடுங்க.

ஸ்டெப் 3: துணி

காட்டன் வேண்டாம். ஜீன்ஸ் துணியும் நான் வேண்டாம்னு தான் சொல்வேன், அது ஹிப்பி ரூட், நம்ம மாமா ரூட் இல்ல. அந்தக் காலத்துல பெல் அவ்ளோ அழகா நின்னதுக்குக் காரணமே பாலியஸ்டர் தான். 1941-ல இங்கிலாந்துல விண்ஃபீல்ட், டிக்சன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்ச டெரிலீன்ங்கற பாலியஸ்டர் தான் நம்ம ஊர்ல டெரிலீன் சட்டை, டெரிகாட்டன் பேண்ட்னு பெருமையா அலையற அளவுக்கு வந்துச்சு. கசங்காது, அயர்ன் மடிப்பு அப்படியே நிக்கும், கால ஆட்டினா துணி தனியா ஆடும்.

இப்ப கடைல டெரிகாட்டன்னு கேட்டா பசங்க முழிப்பாங்க, பாலி விஸ்கோஸ் சூட்டிங்னு கேளுங்க. சிக்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கினா சூட்டிங் கடைங்க வரிசையா இருக்கு, பேரம் பேச தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டுப் போங்க. துணி அகலம் 58 இன்ச், அதாவது 58 பன்னான்னா ஒண்ணரை மீட்டர் எடுத்துக்கோங்க, கடைக்காரர் ஒண்ணு இருவது போதும்பாரு, அது இப்ப போடற பேண்ட்டுக்குப் போதும். எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மூலைய உள்ளங்கைல வச்சு பத்து செகண்ட் இறுக்கி கசக்கிட்டு விடுங்க, சுருக்கம் அப்படியே நின்னுச்சுன்னா அந்த துணி வேண்டாம். லைக்ரா கலந்ததும் வேண்டாம், கீழ துவண்டு கால்லயே ஒட்டிக்கும். கலர் காப்பிப்பொடி, பாட்டில் பச்சை, மெரூன், கிரீம். கருப்பு எடுத்தா பெல் இருக்கறதே தெரியாது.

ஸ்டெப் 4: அளவு (இத நிதானமா படிங்க)

அல்சூர்ல நான் குடுக்கற மாஸ்டர் வயசானவரு, பெல்பாட்டம் கொட்டிக் கொட்டி தைச்ச ஆளு. அவர்கிட்ட "மாஸ்டர், ஒரு பெல்பாட்டம்"னு சொன்னதுமே "சின்ன பெல்லா, யானைக்கால் பெல்லா தம்பி?"ன்னு கேட்டுட்டு டேப்ப எடுத்தாரு. உங்க டைலர் இளவயசுன்னா நீங்க தான் நம்பர் சொல்லணும்.

இப்ப நாம எல்லாம் பேண்ட்ட இடுப்பெலும்புக்குக் கீழ போடறோம். டைலரும் பழக்கத்துல அங்க இருந்துதான் டேப்ப வைப்பாரு. ஆனா 70ஸ் பேண்ட் தொப்புள் பக்கத்துல நிக்கும். கீழ இருந்து அளவு எடுத்து தைச்சுட்டு, அப்புறம் சட்டைய டக் பண்ணி பெல்ட் போடறப்போ மேல இழுத்து விட்டீங்கன்னா மொத்த பேண்ட்டும் ரெண்டு மூணு இன்ச் மேல ஏறிடும். நீளம் பத்தாதது மட்டும் இல்ல, பெல் ஆரம்பிக்கற இடமும் தொடைக்குப் போயிடும், பாக்க பைஜாமா மாதிரி இருக்கும், ட்ரையல்ல நின்னு பாக்கறப்போ எங்க தப்புன்னே புரியாது, ஏன்னா ஒவ்வொரு அளவும் தனித்தனியா பாத்தா கரெக்ட்டா இருக்கும். அதனால ஒரு கயிற தொப்புள் மட்டத்துல கட்டிக்கோங்க, கயித்துக்குக் கீழ இருந்துதான் எல்லா அளவும்னு டைலர்கிட்ட கறாரா சொல்லிடுங்க.

இப்ப நம்பர்:

முட்டி சுத்தளவு, உக்காந்து கால மடக்கி எடுக்கணும், அதுகூட ஒரு இன்ச். நின்னுக்கிட்டு எடுத்தா அப்புறம் உக்காரவே முடியாது. பொதுவா 17, 18 வரும்.

பாட்டம், அதாவது கால் அடி ஓரத்தோட சுத்தளவு 24. முட்டிக்கும் பாட்டத்துக்கும் ஆறு இன்ச் வித்தியாசமாவது இருந்தா தான் பெல்னு கண்ணுக்குத் தெரியும். 28-க்கு மேல போகணும்னா துணியும் கூட வேணும், தைரியமும் கூட வேணும். பாட்டம் எத்தனைன்னு சொல்றப்போ முழு சுத்தளவா, மடிச்சு வச்ச பாதி அகலமான்னு பில்லுலயே எழுத வைங்க.

விரியற இடம் முட்டிச்சிப்பிக்கு ரெண்டு இன்ச் மேல. சரியா முட்டிலயே ஆரம்பிச்சா கால் குட்டையா தெரியும். இந்த ரெண்டு இன்ச்ச மாஸ்டர் தான் சொல்லிக் குடுத்தாரு, அத மறக்காதீங்க.

முன்னாடி ப்ளீட் கிடையாது. இடுப்புப் பட்டி ரெண்டு இன்ச் அகலம்.

கூட இன்னொண்ணு, பித்தளை ஜிப். அந்தக் காலத்துல பெல்பாட்டம் அடி ரோட்ல தேஞ்சு கிழியாம இருக்க, ஒரு ஜிப்ப ரெண்டா பிரிச்சு ஒரு பாதிய குதிகால் பக்கம் அடி ஓரத்துல வச்சு தைப்பாங்க, பல்லு மட்டும் லேசா வெளிய எட்டிப் பாக்கும், நடந்தா துணிக்குப் பதிலா அதுதான் தரைல உரசும். ரெட்ரோ டேல வயசான ஆளு யாராவது அதப் பாத்துட்டா அன்னிக்கு நீங்கதான் ஹீரோ.

ஸ்டெப் 5: புதுசா தைக்க முடியாது, பழைய பேண்ட் தான் இருக்குன்னா

பழைய ஃபார்மல் பேண்ட்ல கீழ முக்கோணத் துண்டு சேத்தா பெல் ஆயிடும். யூடியூப்ல எல்லாரும் வெளிப்பக்கத் தையல மட்டும் பிரிச்சு ஒரே பெரிய துண்டா வைக்கறாங்க, எனக்கு அது பிடிக்கவே இல்ல, பெல் மொத்தமும் வெளிய சாஞ்சு கால் திருகிக்கிட்ட மாதிரி தெரியும். வெளித் தையல், உள் தையல் ரெண்டையும் முட்டிக்கு மேல ரெண்டு இன்ச் வரைக்கும் பிரிச்சு ரெண்டுலயும் சம அளவு துண்டு வைங்க. பாட்டம் 16 இருக்கு, 24 வேணும்னா ஒவ்வொரு துண்டும் அடில நாலு இன்ச், தையலுக்கு ரெண்டு பக்கமும் அரை அரை இன்ச் சேத்து அஞ்சு இன்ச்சா வெட்டுங்க.

வெட்டறப்போ முக்கோணத்தோட நடுக்கோடு துணியோட நீள நூல் போற திசைல இருக்கணும். துணி மிச்சம் பண்றேன்னு கிராஸ்ல வெட்டினா அது இழுபட்டுக்கிட்டே இருக்கும், அடி ஓரம் அலை அலையா ஆயிடும். சரியா வெட்டினாலும் சாஞ்ச பக்கம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதனால தைச்சு முடிச்சதும் அடிய மடிக்காம ஒரு ராத்திரி ஹேங்கர்ல தொங்க விட்டுட்டு, காலைல ஷூ போட்டு நின்னு பாத்து மட்டம் வெட்டி மடிங்க. முக்கோணத்தோட மேல் முனைல சுருக்கம் விழுதுன்னா ஊசி அந்த முனைல இருக்கறப்போவே துணிய திருப்பி அடுத்த பக்கம் தைக்கணும், ரெண்டு தையலும் ஒரே புள்ளில சந்திக்கணும். அந்த இடத்த மட்டும் கையால தைச்சாலும் தப்பில்ல.

மெஷின் பத்தி ஒரு வார்த்தை, ஆன்லைன்ல வர்ற கைக்கு அடக்கமான குட்டி பேட்டரி மெஷின நம்பி சூட்டிங் துணி தைக்க இறங்காதீங்க. பாட்டியோட கால் மிதி மெஷின் எங்கயாவது தூசி தட்டாம கிடக்கும், அதுக்கு எண்ணெய் விட்டு எடுங்க.

ஸ்டெப் 6: சட்டை

காலர் முனை நாலு இன்ச்சாவது நீளணும், அப்பதான் நாய்க்காது. உள்ள வைக்கற கேன்வாஸ் நல்ல கெட்டியா இருக்கணும், இல்லேன்னா ஒரு மணி நேரத்துல காது தொங்கிடும். உடம்போட ஒட்டின ஃபிட்டிங், முதுகுல டார்ட் (இடுப்புப் பக்கம் இறுக்க உள்ள புடிச்சுத் தைக்கற மடிப்பு), பெரிய பூப்போட்ட பிரிண்ட், பெரிய பக்கிள் வச்ச அகலமான பெல்ட். மேல ரெண்டு பட்டன் போடாதீங்க.

தொப்பை இருக்கறவங்க இதுல மல்லுக்கட்ட வேண்டாம், சஃபாரி சூட் போங்க, அதுவும் பக்கா 70ஸ் தான், டக் பண்ணவே வேண்டாம். கைல வாட்ச்னா சாவி குடுக்கற எச்எம்டி, 1961-ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட சேந்து இதே பெங்களூர்ல ஆரம்பிச்ச ஃபேக்டரி, அதவிட லோக்கல் சரக்கு என்ன வேணும்.

ஸ்டெப் 7: முடி

முடி வளர நாள் புடிக்கும், மாசத்துக்கு சுமார் அரை இன்ச் தான். அதனால மெயில் வந்த அன்னிக்கே சலூன்காரர்கிட்ட "கிருதாவ தொடாதீங்க"ன்னு சொல்லிடுங்க. காது மடல் அடி வரைக்கும் இறங்கணும், கீழ வர வர அகலமாகணும். ஸ்டெப் கட்டிங்னு கேட்டா இப்ப இருக்கற பசங்க ரெண்டு பக்கமும் மெஷின் போட்டு வழிச்சுட்டு மேல ஸ்டைல் பண்ணிடுவாங்க, நமக்கு வேண்டியது நேர் எதிர். காது மூடணும், பின்னாடி காலர தொடணும், அடுக்கடுக்கா லேயர் விழணும். வாயால விளக்காதீங்க, மாமா போட்டோவ காட்டுங்க.

முடி பத்தாதவங்க சாதா கருப்பு விக் வாங்கி சலூன்லயே தலைல வச்சு டிரிம் பண்ணச் சொல்லுங்க, திண்ணிங் கத்தரி (அடர்த்திய குறைக்கற பல்லு வச்ச கத்தரி) போட்டா தான் தொப்பி மாதிரி தெரியாது. சிந்தெடிக் விக் பளபளன்னு காட்டிக் குடுத்துடும், கொஞ்சம் பவுடர தூவி உதறினா மங்கும். டிரையர், அயர்ன் கிட்டவே கொண்டு போகாதீங்க, உருகிடும்.

பொண்ணுங்களுக்கு வேலை கம்மி. நெத்தில மட்டும் நறுக்கின முடி வேணும்னா சாதனா கட், 1960-ல லவ் இன் சிம்லா இந்திப் படத்துல நடிகை சாதனா வச்சு வந்தது, 70ஸ் வரைக்கும் ஓடுச்சு. 1973-ல பாபி இந்திப் படம் வந்தப்புறம் புள்ளி போட்ட டாப் கிறுக்கு புடிச்சுது, அதுவும் பெல்லும் சேந்தா போதும். புடவைன்னா அம்மா பீரோல ஒரு நைலக்ஸ் (நைலான் புடவை) கண்டிப்பா இருக்கும். உச்சில தூக்கின கொண்டைக்கு முடிய வேர்ப்பக்கமா சீவி வேணும்னே சிக்கு போட்டு, மேலாப்புல மட்டும் வழவழன்னு சீவி மூடணும். வீட்டுக்கு வந்ததும் கண்டிஷனர் போட்டு நுனில இருந்து சிக்கெடுங்க, வேர்ல இருந்து இழுத்தா அழுவீங்க.

ஸ்டெப் 8: அயர்ன்

பாலியஸ்டர்ல சூடா வச்சா பளபளன்னு தடம் விழும், போகவே போகாது. ஈரத்துணி போட்டு மேல தேய்ங்க. மடிப்பு இடுப்புல இருந்து ஷூ முனைக்கு நேர் கோடா வரணும்.

அப்டேட்: மெட்ரோ எஸ்கலேட்டர்ல பெல் மாட்டிக்கிச்சுன்னு ஒருத்தங்க கமெண்ட்ல எழுதியிருந்தாங்க. ஏறும்போது ரெண்டு பக்கமும் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கோங்க, இல்ல படிக்கட்டுல போங்க. பைக், சைக்கிள்ல வர்றவங்க அந்தக் காலத்து ஆளுங்க மாதிரியே கணுக்கால்ல ஒரு கிளிப்போ ரப்பர் பேண்டோ போட்டு அடிய மடிச்சு புடிச்சுட்டு வாங்க, செயின்ல மாட்டினா பேண்ட்டோட போகாது.

இன்னொரு அப்டேட்: ஒட்டுக் கிருதா ஒட்டறதுக்கு ஸ்பிரிட் கம் (மேக்கப் பசை) போட்டு கன்னம் செவந்துடுச்சுன்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. முந்தின நாளே முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு வச்சுப் பாருங்க, அரிச்சா வேண்டாம், ஐப்ரோ பென்சில்ல சின்னச் சின்ன கோடா வரைஞ்சுட்டுப் போங்க, பத்தடி தள்ளி நின்னா யாருக்கும் தெரியாது. பெல்பாட்டம் போட்டுட்டு கேம்ப் ஃபயர் பக்கம் உக்காரலாமான்னு கேட்டவருக்கு: வேண்டாங்க, பாலியஸ்டர் பத்தினா உருகி தோல்லயே ஒட்டிக்கும், தள்ளி உக்காருங்க.