சான்ஸ் செரிஃபுக்கு இடாலிக் வரைவது எப்படி?

எழுத்துரு மென்பொருளில் எல்லா எழுத்துகளையும் தேர்ந்தெடுத்து 10 பாகை சாய்க்க ஒரு நொடி போதும். அப்படிச் சாய்ந்து நிற்பது இன்னும் இடாலிக் இல்லை. எந்த எழுத்து எங்கே கெட்டிருக்கிறது என்று பார்த்துத் திருத்துவதுதான் உண்மையான வேலை. சான்ஸ் செரிஃபில், அதாவது கோட்டு முனைகளில் சிறு கால்கள் இல்லாத எழுத்துருவில், நேர் வடிவத்தை வரைந்து முடித்தவர்களுக்கான செய்முறை இது. லத்தீன் எழுத்துகளை வைத்து விளக்குகிறோம். கணக்குக்காக எம் சதுரம் (எழுத்தை வரையும் கட்டம்) 1000 அலகு, எக்ஸ் உயரம் (சிறிய ‘எக்ஸ்’-இன் உயரம்) 500, கோட்டுத் தடிமன் 80 என்று வைத்துக்கொள்வோம். ஃபான்ட்ஃபோர்ஜ் போன்ற இலவச மென்பொருளே போதும்.

1. எந்த வகை?

வெனிஸில் 1500-ஐ ஒட்டி பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய முதல் இடாலிக் அச்செழுத்து, வேகமாகக் கையால் எழுதும் வடிவத்திலிருந்து வந்தது. சாய்வு அதன் குணங்களில் ஒன்று மட்டுமே. சான்ஸ் செரிஃபில் இரண்டு வழிகள் உண்டு. ஹெல்வெட்டிகா போல நேர் வடிவத்தையே சாய்க்கலாம். இதை ஒப்லிக் என்பார்கள். கில் சான்ஸ் போல சில எழுத்துகளின் வடிவத்தையே மாற்றலாம். தலைப்புக்கும் லோகோவுக்கும் ஒப்லிக் போதும். பத்தி எழுத்துக்கு இரண்டாவது வழிதான் நல்லது. சான்ஸ் செரிஃபில் வெறும் சாய்வு, ஓடும் வரியில் கண்ணில் படாமலே போய்விடும்.

குறைந்தபட்சம் இரண்டு மாற்றங்கள்: சிறிய ‘ஏ’-வை மேல்வளைவு இல்லாமல் வட்டமும் தண்டுமாக வரையுங்கள், சிறிய ‘எஃப்’-இன் காலை அடிக்கோட்டுக்குக் கீழே இறக்குங்கள். புதிய ‘ஏ’ சிறிய அளவில் ‘ஓ’ போலத் தெரியும் ஆபத்து உண்டு. வட்டம் தண்டோடு சேரும் இடத்தை நன்றாக ஒடுக்கினால் அது தீரும்.

2. கோணம்

8 முதல் 12 பாகைக்குள் வையுங்கள். யூனிவர்ஸ் முதலில் 16 பாகை சாய்வோடு வந்தது. பின்னாளில் அதை 12 ஆகக் குறைத்தார்கள். 6 பாகைக்குக் கீழே போனால் அச்சுப் பிழையோ என்று வாசகருக்குத் தோன்றும். நாம் 10 எடுத்துக்கொள்வோம்.

3. சாய்த்து, இடப்பக்கம் நகர்த்துங்கள்

டிரான்ஸ்ஃபார்ம் பெட்டியில் ஸ்க்யூ கொடுத்து வலப்பக்கம் 10 பாகை சாய்த்துவிடுங்கள். அடிக்கோடு அசையாது; எக்ஸ் உயரத்தில் இருக்கும் புள்ளி 88 அலகு வலப்பக்கம் போகும். அதனால் ஒவ்வொரு எழுத்தும் தன் இடத்தை விட்டு வலப்பக்கம் ஒதுங்கி நிற்கும். அதில் பாதியை, அதாவது 44 அலகை, எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி இடப்பக்கம் நகர்த்துங்கள். இதை விட்டுவிட்டால் நேர் எழுத்துக்கு நடுவே வரும் இடாலிக் சொல், முன்னால் அகன்றும் பின்னால் நெருக்கியும் நிற்கும்.

4. கெட்டதைத் திருத்துங்கள்

நேரமெல்லாம் இங்கேதான் போகும். செங்குத்துத் தண்டு 80-லிருந்து 79-க்கு வரும், அதை விட்டுவிடலாம். ‘ஓ’-வைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுற்றிலும் 80 ஆக இருந்த கோடு, வலது மேல் மூலையிலும் இடது கீழ் மூலையிலும் 87 ஆகத் தடித்திருக்கும். மற்ற இரு மூலைகளிலும் 73 ஆக மெலிந்திருக்கும். எழுத்து யாரோ பிடித்து இழுத்தது போல் தெரிவதற்கு இதுவே காரணம். நேர் ‘ஓ’-வை மறுபடி எடுத்து 5 பாகை வலஞ்சுழியாகச் சுழற்றி, மீதி 5 பாகையை மட்டும் சாய்த்தால் கோளாறு பாதியாகும். மிச்சத்தைக் கையால் சரிசெய்து, உயரம் பழையபடி இருக்கிறதா என்று பாருங்கள்.

‘வி’-யில் கணக்கு வேறு. இடது கால் நிமிர்ந்து 84 ஆகத் தடிக்கும்; வலது கால் இன்னும் சாய்ந்து 75-க்கு மெலியும். இரண்டையும் 80-க்குக் கொண்டுவாருங்கள். டபிள்யூ, எக்ஸ், ஒய் எல்லாவற்றிலும் இதே கோளாறு இருக்கும்.

சாய்த்த வளைவுகளின் புள்ளிகள் உச்சியை விட்டு விலகியிருக்கும். ஆட் எக்ஸ்ட்ரீமா கொடுத்துப் புதிய உச்சிப் புள்ளிகளைச் சேர்த்து, பழையவற்றை நீக்குங்கள். இல்லாவிட்டால் திரையில் விளிம்பு கரடுமுரடாகலாம்.

5. இடைவெளி

‘என்’, ‘ஓ’ இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டச்சு செய்து, இடைவெளி சீராகத் தெரியும்வரை ஒவ்வொரு எழுத்தின் இருபுற வெற்றிடத்தையும் திருத்துங்கள். ‘எஃப்’-க்குப் பின் மூடும் அடைப்புக்குறியும் மேற்கோள் குறியும் மோதும். அந்த ஜோடிகளுக்குக் கெர்னிங், அதாவது ஜோடிக்கு ஏற்ற தனி இடைவெளி, கட்டாயம்.

6. கோப்பு விவரம்

இடாலிக் ஆங்கிள் −10 என்று கொடுங்கள். வலச்சாய்வுக்கு எதிர்மறை எண்தான். குடும்பப் பெயர் நேர் எழுத்துருவோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஸ்டைல் பெயர் இடாலிக். எஃப்எஸ்செலக்‌ஷன், மேக்ஸ்டைல் என்ற கோப்பின் இரு தகவல் புலங்களிலும் இடாலிக் பிட் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த இணைப்பு விட்டுப்போனால், பயனர் இடாலிக் பொத்தானை அழுத்தும்போது மென்பொருள் உங்கள் கோப்பைத் தேடாமல், நேர் எழுத்தையே தானாகச் சாய்த்துக் காட்டிவிடும்.

7. பயன்படுத்தும்போது

நூல் தலைப்பு, உயிரினங்களின் அறிவியல் பெயர், வேற்றுமொழிச் சொல், ஒரு சொல்லுக்கு அழுத்தம்: இவைதான் இடாலிக்கின் இயல்பான இடங்கள். முழுப் பக்கத்தையும் இடாலிக்கில் ஓட்டாதீர்கள், கண் களைத்துவிடும். இணையத்தில் நேர், இடாலிக் இரண்டு கோப்புகளையும் ஏற்றுங்கள். இடாலிக் கோப்பு இல்லையென்றால் உலாவி போலிச் சாய்வைப் போட்டுவிடும். சோதிக்க, ஸ்டைல் ஷீட்டில் ஃபான்ட்-சிந்தசிஸ் பண்பை ‘நன்’ (none) என்று வையுங்கள்; உலாவி போலிச் சாய்வு போடாது. சொல் நிமிர்ந்து நின்றால், உங்கள் இடாலிக் கோப்பு இன்னும் ஏறவில்லை.