கணினி தொடங்கும்போதே அறிவிப்புச் செயலிகளும் இயங்குவதற்கான வழி

அஞ்சல், நாட்காட்டி, நினைவூட்டல் போன்றவற்றுக்கான அறிவிப்புச் செயலிகள், நாம் திறக்க மறந்த நாளிலும் தாமாகவே இயங்க வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்டார்ட்அப் என்ற வரிசையில் சென்று, பட்டியலில் செயலியின் பெயர் இருந்தால் ஆன் செய்தால் போதும். பெயர் இல்லையெனில், விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, தோன்றும் சிறு பெட்டியில் ‘ஷெல்:ஸ்டார்ட்அப்’ என்பதை ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டி, திறக்கும் கோப்புறையில் அச்செயலியின் ஷார்ட்கட்டை (செயலியைத் திறக்க உதவும் குறுக்குவழிக் கோப்பு) ஒட்ட வேண்டும். செயலியின் மூலக்கோப்பையே அங்கு நகர்த்திவிடக் கூடாது.

இணைய இணைப்பு கிடைப்பதற்கு முன்பே செயலி இயங்கத் தொடங்கிப் பிழை காட்டுவதும் உண்டு. அப்போது ஷார்ட்கட்டை நீக்கிவிட்டு, குறித்த நேரத்தில் செயலிகளைத் தாமாக இயக்கும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரில், அச்செயலியைத் தொடங்கும் புதிய பணி ஒன்றை உருவாக்கி, பயனர் உள்நுழையும்போது தொடங்குமாறு ட்ரிக்கர் (பணியைத் தூண்டும் நிகழ்வு) அமைத்து, அதிலேயே 30 விநாடித் தாமதமும் வையுங்கள். மடிக்கணினி வைத்திருப்போர் அப்பணியின் கண்டிஷன்ஸ் பகுதியை அவசியம் பார்க்க வேண்டும். மின் இணைப்பில் இருந்தால் மட்டுமே பணி தொடங்கும் என்ற தெரிவு அங்கே முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும் என்பதால், அதை நீக்காதவரை பேட்டரியில் இயங்கும்போது செயலி தொடங்காது.

மேக் கணினியில் வேலை எளிது: சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியிலுள்ள லாகின் ஐட்டம்ஸ் பட்டியலில் செயலியைச் சேர்த்தால் போதும்.

அமைத்து முடித்ததும் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, உங்களுக்கே ஒரு சோதனை அஞ்சல் அனுப்பிப் பாருங்கள்.