மணிக்கட்டில் அறுந்த நரம்பைத் தைத்த பின் விரல்களுக்கு உணர்வைப் பழக்குவது எப்படி?

மணிக்கட்டின் உள்பக்கத்தைக் கத்தியோ கண்ணாடியோ ஆழமாகக் கிழித்தால், கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் உணர்வு தரும் மீடியன் நரம்பு அறுந்துபோகலாம். அறுவை மருத்துவர் அதைத் தைத்து முடித்ததும், உணர்வு தானாகத் திரும்பட்டும் என்று பலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அது தவறு. விரல் மரத்துக் கிடக்கும் நாள்களிலேயே பயிற்சி தொடங்க வேண்டும்.

இதன் காரணத்தை அறிந்தவர்கள்தான் பயிற்சியை இடையில் கைவிடாமல் செய்வார்கள். விரலின் உணர்வைச் சுமக்கும் நரம்பு செல்களின் உடல் கையில் இல்லை. கழுத்து முள்ளெலும்புகளின் அருகே இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை நீளும் மெல்லிய இழையே காயத்தில் அறுபடுகிறது. செல்லிடமிருந்து துண்டிக்கப்பட்ட பகுதி சிதைந்துவிடும் என்பதைத் தவளையின் நாக்கு நரம்புகளில் கண்டு, 1850இல் எழுதி வைத்தவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் அகஸ்டஸ் வாலர். ஆகவே தையல் இணைப்பது நரம்பின் உறையை மட்டுமே. இழை புதிதாக வளர்ந்தாக வேண்டும். நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள் சிதைவுகளை அகற்றி வரிசையாக நின்று பாதை அமைக்க, காயமுற்ற செல் வளர்ச்சிக்கான புரதங்களை உருவாக்கத் தொடங்கி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் இழையை நீட்டுகிறது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை 15 முதல் 18 சென்டிமீட்டர் என்று கொண்டால், குறைந்தது ஐந்தாறு மாதங்கள் ஆகும்.

இந்தக் காலத்தில் மூளையும் சும்மா இருப்பதில்லை. நரம்பியல் ஆய்வாளர் மைக்கேல் மெர்செனிக்கும் உடன் உழைத்தவர்களும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், குரங்குகளின் மீடியன் நரம்பை அறுத்தபோது, அதற்குரிய மூளைப் புறணிப் பகுதி (மூளையின் மேலடுக்கு) கையின் மற்றப் பகுதிகளின் தொடுகைக்குப் பதில் தரத் தொடங்கியது. போதாததற்கு, வளரும் இழைகளில் பல பாதை மாறி வேறு விரலுக்குப் போய்ச் சேர்கின்றன. சுட்டுவிரலைத் தொட்டால் நடுவிரலில் உணர்வதாகத் தோன்றும். இதைத் திருத்தக்கூடியது மூளை ஒன்றுதான், அதற்குக் கற்பிக்க வேண்டியவர் நீங்கள்.

கட்டை அவிழ்க்கவும் விரலை அசைக்கவும் மருத்துவர் அனுமதித்த பின், ஒரு கண்ணாடியை இரு கைகளுக்கும் நடுவே நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் காயப்பட்ட கையின் இடத்தில் தெரியும்படி அமருங்கள். நல்ல கையின் விரல்களை ஒவ்வொன்றாக வேறொருவர் தொடும்போது பிம்பத்தையே கூர்ந்து பாருங்கள்; காயப்பட்ட கையே தொடப்படுவதாக மூளைக்குத் தோன்றும். ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை போதும். நெடுநேரம் செய்தால் கவனம் சிதறும், கவனமில்லாத பயிற்சியால் பயனில்லை. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது என்பதால், பாத்திரத்தையும் வெந்நீரையும் எப்போதும் நல்ல கையால் சோதியுங்கள்.

தொடுகை தெரியத் தொடங்கியதும் பயிற்சி மாறும். பென்சிலின் அழிப்பான் முனையால் தோலில் கோடிழுங்கள். முதலில் பார்த்துக்கொண்டும், பிறகு கண்ணை மூடியும், மறுபடி பார்த்தும் இடத்தை உறுதிசெய்யுங்கள். நகரும் தொடுகை நன்றாகப் புலப்பட்ட பின் அசையாமல் அழுத்திப் பாருங்கள். அடுத்து பருத்தித் துணி, சாக்குத் துணி, உப்புத்தாள். அதன் பின் ஒரு கிண்ணம் அரிசிக்குள் நாணயம், சாவி, புளியங்கொட்டை ஆகியவற்றைப் புதைத்துக் கண்மூடித் தேடி எடுங்கள். இடையில் தோல் கூசி மின்னதிர்வு போலத் துடித்தால் பயப்பட வேண்டாம். பஞ்சில் தொடங்கி மெல்ல மெல்லச் சொரசொரப்பான துணிவரை தேய்த்துப் பழக்கினால் அது பெரும்பாலும் தணியும்.

வளர்ச்சியை அறிய ஓர் எளிய வழி உண்டு. விரல் பக்கத்திலிருந்து தொடங்கி நரம்பின் வழியே மணிக்கட்டை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், இழைகளின் முனை இருக்கும் இடத்தில் விரலுக்குள் சுறுசுறுவென்று ஓடும். அந்த இடத்தைத் தேதியுடன் குறித்து வையுங்கள்; அது மாதந்தோறும் விரலை நோக்கி நகர வேண்டும். இரண்டு மூன்று மாதங்களாக அது ஒரே இடத்தில் நின்றால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அறுவை மருத்துவரிடம் செல்லுங்கள். இந்த நரம்பு இயக்கும் தசையும் ஓராண்டுக்கும் மேலாக நரம்பின்றிக் கிடந்தால் மீள்வது கடினம்.