ஏரிக்கரையில் நாலு நாள்: மலை ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பங்குனி கழிந்துவிட்டால் காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான்: "இந்த வருஷம் எந்த மலைக்கு?" நான் கேள்வியையே மாற்றச் சொல்வேன். எந்த ஏரிக்குப் பக்கத்தில் தங்கப் போகிறோம்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் ஊர் தானாக அமைந்துவிடும். அறையை விட்டு இறங்கி, வண்டி எடுக்காமல், ஊருணிப் படியில் போய் உட்கார்வது போல ஏரிக்கரையில் உட்கார முடிய வேண்டும். ஓய்வு என்றால் எனக்கு அதுதான்.

படி 1: யார் யார் வருகிறார்கள்?

முட்டி வலி உள்ள அப்பத்தாவும் கைக்குழந்தையும் வருகிறார்கள் என்றால் உயரத்தையும் குளிரையும் முதலில் பாருங்கள். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். ஏற்காடு 1,500 மீட்டர் அளவில், குளிர் இதமாக இருக்கும். தேக்கடி இன்னும் தாழ்வு.

படி 2: ஏரியின் குணம்

எல்லா ஏரியும் கரையில் உட்கார விடாது. தேக்கடியில் இருப்பது 1895இல் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் நீர். அது புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் நேரம் பார்த்துப் படகில் போய் வரலாமே தவிர, நினைத்த நேரத்தில் கரையில் நடக்க முடியாது. கொடைக்கானலில் பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். ஊட்டி ஏரி அழகுதான், ஆனால் பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் பக்கத்திலேயே இருப்பதால் சந்தடி அதிகம். ஓய்வுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

மிஞ்சுவது இரண்டு. கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் என்ற மதுரை கலெக்டர் உருவாக்கியது. சுற்றிவர ஐந்து கிலோமீட்டர் சாலை, பெரும்பாலும் சமதரை. படகுத் துறைப் பக்கம்தான் கூட்டம். அதைத் தாண்டி நடந்தால் மரமும் தண்ணீரும் மட்டுமே. ஏற்காட்டில் ஏரியைச் சுற்றியேதான் ஊர், அண்ணா பூங்காவும் கரையிலேயே இருக்கிறது. பெரியவர்கள் வந்தால் என் ஓட்டு ஏற்காட்டுக்கு.

படி 3: அறை (இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்)

'ஏரி தெரியும் அறை' வேறு, 'ஏரிக்கு நடக்கும் தூரம்' வேறு. மேட்டில் இருக்கும் விடுதியிலிருந்து ஏரி நன்றாகத் தெரியும். இறங்கிப் போவதும் சுகம்தான். திரும்பி ஏறும்போது பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும், மறுநாள் "நான் அறையிலேயே இருக்கேன்" என்றுவிடுவார்கள். விளம்பரத்தில் கொடைக்கானல் என்று போட்டிருக்கும் விடுதி பெருமாள்மலையிலோ வில்பட்டியிலோ இருக்கலாம். அப்புறம் ஒவ்வொரு தடவையும் வண்டிதான்.

பணம் கட்டும் முன் கூகுள் மேப்பில் விடுதியிலிருந்து ஏரிக்கு வழி போடுங்கள். கார் படத்தை விட்டுவிட்டு நடக்கும் மனிதர் படத்தைத் தட்டினால் தூரத்தோடு ஏற்ற இறக்கமும் தெரியும். தூரம் குறைவாக இருந்தாலும் ஏற்றம் செங்குத்தாக இருந்தால் அந்த அறை வேண்டாம். அடுத்து, விடுதிக்காரர்கள் போட்ட படங்களை விட்டுவிட்டுத் தங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். கடைசியாக போன் செய்து, "வாசலிலிருந்து அறைக்கு எத்தனை படி? வெந்நீர் எந்த நேரம் வரும்?" என்று கேளுங்கள். முன்பதிவு செயலிகளை விட இந்த ஒரு போன்தான் எனக்கு நம்பிக்கை.

படி 4: நாள்

சனி, ஞாயிறைத் தவிர்த்துத் திங்கள் ஏறி வியாழன் இறங்குங்கள். மே மாதம் கொடைக்கானலில் மலர்க் கண்காட்சி. பூப் பார்க்க நல்லது, ஓய்வுக்கு இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பொங்கல் கழிந்த வாரங்கள் எனக்குப் பிடிக்கும்: குளிர் கடுமைதான், ஆனால் வானம் தெளிவாக இருக்கும்.

படி 5: பயணம்

கொடைக்கானலுக்குத் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழி. ஏற்காட்டுக்குத் திருச்சி, நாமக்கல், சேலம். சேலத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலை ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி வாழை இலையில் கட்டிய இட்லி போதும், ஆறினாலும் மெத்தென்றிருக்கும். இருட்டும் முன் மேலே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: தேவகோட்டையிலிருந்து ஒருவர் இ-பாஸ் பற்றிக் கேட்டிருந்தார். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சொந்த வண்டி, வாடகை வண்டியில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வந்தது. அரசு பஸ்ஸில் போனால் தேவையில்லை. வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் காலமும் உண்டு, அதனால் அறைக்குப் பணம் கட்டும் முன்பே இ-பாஸ் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொருவர் ரயிலில் 'கொடைக்கானல் ரோடு' வரை டிக்கெட் எடுத்துவிட்டு, அங்கிருந்து ஆட்டோ கிடைக்குமா என்று கேட்டார். அந்த நிலையம் அம்மையநாயக்கனூரில், மலைக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பஸ்ஸோ டாக்சியோ பிடித்துத்தான் ஏற வேண்டும். டாக்சி என்றால் முதல் நாளே பேசி வையுங்கள்.